ஐந்து பிரதிகளில் ஒரு கொடுவா

ஆசிரியர் கூட்டம் நடந்த அன்று எனக்கு வயிற்றுப்போக்கு. அதனால்தான் நான் நாடக இயக்குநர் ஆனேன்.

எங்கள் பள்ளியில் இது நெடுநாள் வழக்கம். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வராதவர் பெயரைத் தலைமையாசிரியர் சுப்ராயன் நோட்டில் எழுதிக்கொள்வார். சாரணர் படை, தோட்டம், கண் பரிசோதனை முகாம் என்று எந்தப் பொறுப்பை எடுத்துப் பார்த்தாலும் அதன் பின்னால் யாராவது ஒருவரின் காய்ச்சல் இருக்கும். நான் உத்திராபதி, பூகோள ஆசிரியர். நெரவியிலிருந்து தினம் சைக்கிள் மிதித்து வருகிறவன். நாடகம் என்று நான் பார்த்ததெல்லாம் கோயில் திருவிழாவில் அரைத் தூக்கத்தில் பார்த்ததுதான். மறுநாள் சுப்ராயனிடம் இதைச் சொன்னேன். அவர் கவலைப்படவில்லை.

"நாடகத்துல எல்லைப் பிரச்சினை வரும் சார். எல்லைன்னா மேப்பு. மேப்புன்னா நீங்கதானே," என்று சொல்லி, சுற்றறிக்கையை என் கையில் வைத்துவிட்டார்.

அது 1979. பிரெஞ்சுக்காரன் கையிலிருந்து காரைக்கால் நம் கைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. நவம்பர் முதல் தேதி வெள்ளி விழா. விழா மேடையில் எங்கள் பள்ளி மாணவர்கள் நாற்பது நிமிடம் ஒரு நாடகம் நடத்த வேண்டும். நாடகத்தை ஐந்து பிரதிகளில் எழுதி விழா அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். பொருள், விடுதலை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'எவர் மனமும் புண்படாமல்' என்று போட்டிருந்தது. அந்தச் சின்ன எழுத்தை நான் அப்போதே இரண்டு தரம் படித்திருக்க வேண்டும்.

கதைக்கு எங்கே போவது? ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன், உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தக் காலத்துச் சங்கதி தெரியுமா என்று. வகுப்பு மொத்தமும் திரும்பி மூன்றாவது பெஞ்சில் இருந்த கனகத்தைப் பார்த்துச் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "நாறமீன் வீடு சார்," என்றது. கனகம் மண்டபத்தூர்ப் பெண். நன்றாகப் படிப்பாள், அதிகம் பேச மாட்டாள். அன்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் இடைவேளையில் அவள் அம்மா காசியம்மா மீன் கூடையோடு பள்ளிக்கு வந்துவிட்டார். கூடையை வேப்பமரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு, ஆசிரியர் அறை வாசலில் நின்றார். நாற்பத்தேழு வயது இருக்கும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. மண்டபத்தூருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் பிரெஞ்சு எல்லை முடிந்துவிடும். அங்கே ஒரு சுங்கச்சாவடி, துவான் என்பார்கள். காசியம்மா அந்தச் சாவடியைத் தாண்டித் தரங்கம்பாடிக்குப் போய் மீன் எடுத்துவந்து காரைக்காலில் விற்பார். அந்தப் பக்கத்தில் கதர் போட்ட ஒருவர் நோட்டீஸ் கட்டைக் கொடுப்பார். காசியம்மா அதைக் கூடையின் அடியில் வைத்து, மேலே ஓலை, அதற்கு மேலே மீன் என்று அடுக்கி எடுத்துவருவார். நோட்டீசில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. வெள்ளைக்காரனைப் போகச் சொல்கிற காகிதம் என்று மட்டும் தெரியும். மீன் வாடைக்குப் பயந்து சிப்பாய்கள் கூடையைத் தொட மாட்டார்கள். இப்படிப் பதினோரு நடை போய் வந்துவிட்டார்.

பன்னிரண்டாவது நடையில் ஒரு சிப்பாய் கூடைக்குள் குச்சியை விட்டுவிட்டான். மேலே இரண்டு கொடுவா மீன்; அடியில் மீன் தண்ணீரில் ஊறிக் கூழாகிப்போன காகிதம். ஒரு எழுத்தையும் படிக்க முடியவில்லை. அவர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, கையில் ஒன்றும் இல்லை. பிடித்த ஆளைச் சும்மா விடுவதும் கௌரவக் குறைச்சல். அதனால் சாவடி அதிகாரி, அழுகிய மீனை விற்க முயன்றாள் என்று பதிவேட்டில் எழுதி, ஆறு நாள் உள்ளே வைத்துவிட்டான்.

"கெட்ட மீனுன்னு காயிதத்துல எழுதிட்டு, அந்த ரெண்டு கொடுவாயையும் அன்னைக்கே கொழம்பு வச்சுத் தின்னானுங்க சார். நான் கம்பிக்கு உள்ளாற உக்காந்து மோந்துக்கிட்டு இருந்தேன். கெட்ட மீனுல அந்த வாசம் வருமா?" என்று கேட்டார் காசியம்மா.

வராது என்றேன்.

வெளியே வந்த பிறகு ஒரு வருடம் அவரிடம் யாரும் மீன் வாங்கவில்லை. அப்புறம் வாங்கினார்கள். ஆனால் 'நாறமீன் காசியம்மா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் மகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காசியம்மாவுக்குத் தியாகிப் பட்டமெல்லாம் வேண்டாமாம். அது பெரிய மனிதர்களுக்கு உள்ளது என்றார்.

"மீனு நல்ல மீனுன்னு ஒரே ஒரு வார்த்தை மேடையில சொல்லிடுங்க சார். ஊரு கேக்கட்டும். அது போதும்."

சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு வார்த்தைதானே என்று நினைத்தேன். அரசாங்கத்துக் காகிதத்தில் ஒரு வார்த்தையை நகர்த்துவதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு பக்கத்தில் நாடகம் எழுதினேன். காசியம்மாவாகக் கனகம். சிப்பாயாகப் பத்தாம் வகுப்பு மன்சூர் அலி. பள்ளியிலேயே மீசை அரும்பியிருந்தது அவனுக்குத்தான். கார்பன் வைத்து ஐந்து பிரதி எடுத்துக்கொண்டு விழா அலுவலகத்துக்குப் போனேன்.

விழாத் தனி அலுவலர் பெயர் தர்மராஜ். போலகத்துக்காரர். மேஜை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் அவர் பல பேருக்கு மாலை போடும் படங்கள். நான் போனபோது பியூனிடம், மார்க்கெட்டில் கொடுவா வந்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்கு அதுதான் முதல் வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நாடகத்தின் முதல் நான்கு பிரதிகளும் நான்கு கோப்புகளுக்குப் போய்விட்டன. அவர் படித்தது ஐந்தாவது பிரதி. ஐந்தாவது பிரதி எப்படி இருக்கும் என்று கார்பன் வைத்து எழுதியவர்களுக்குத் தெரியும். பாதி வரி இருக்கும், பாதி வரி இருந்த இடம் இருக்கும். தெரியாத இடங்களில் எல்லாம் நான் எதையோ மறைத்து எழுதியிருப்பதாக அவருக்குச் சந்தேகம். தெரிந்த இடங்கள் பிடிக்கவில்லை.

முதலாவது, பிரெஞ்சுச் சிப்பாய் குச்சியால் குத்துகிறான். விழாவுக்குப் பிரெஞ்சு விருந்தினர் வரலாம், இப்போது அவர்கள் நட்பு நாடு. ஆகவே சிப்பாய் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். சல்யூட் அடித்து, 'போன்ழூர் மதாம், கூடையைக் கொஞ்சம் இறக்க முடியுமா' என்று கேட்கட்டும். இரண்டாவது, 'ஒழிக' என்ற கோஷம் வருகிறது. அரசு விழாவில் 'ஒழிக' கிடையாது, 'வாழ்க' மட்டும்தான். யார் வாழ்க என்று கேட்டேன். பொதுவாக வாழ்க என்றார். மூன்றாவது, கடைசிக் காட்சியில் கொடி ஏற்றுகிறோம். விழா சாயங்காலம் ஆறரைக்கு. பொழுது சாய்ந்த பிறகு தேசியக் கொடி ஏற்றக்கூடாது. ஆகவே 'கொடி காலையிலேயே ஏற்றப்பட்டுவிட்டது' என்று மைக்கில் சொல்லிவிட வேண்டியது.

நான் என் சிற்றறிவுக்கு எட்டியவரை கேட்டேன். சிப்பாய் இவ்வளவு நல்லவனாக இருந்தால் யாரை எதிர்த்துப் போராடினோம் என்று காட்டுவது?

"போராட்டம் இருக்கட்டும் வாத்தியாரே. அதை யாரு வேணாங்குறா? எதிர்ப்புதான் வேணாங்குறேன்," என்றார் தர்மராஜ்.

திருத்தி எழுதி, மறுபடி ஐந்து பிரதி எடுத்து, பத்து நாள் கழித்துப் போனேன். இந்த முறை மேஜை மேல் ஒரு பழைய பதிவேட்டின் நகலும் அதன் மொழிபெயர்ப்பும் இருந்தன. மனுஷர் என் நாடகத்துக்காகச் சாவடிப் பதிவேட்டையே தோண்டி எடுத்துவிட்டார். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உயிரோடிருக்கிற ஒருத்தி வாயால் சொன்னதற்குக் காகிதத்திலும் சாட்சி இருக்கிறதே என்று நினைத்தேன்.

"உங்க காசியம்மா நம்ம தியாகிகள் பட்டியல்ல இல்ல. ஆனா பதிவேட்டுல இருக்காங்க," என்றார் அவர். "அழுகிய மீன் விற்க முயன்ற குத்தத்துக்கு ஆறு நாள். தேதியோட இருக்கு. நீங்க நல்ல மீனுன்னு எழுதியிருக்கீங்க. எந்த ஆதாரத்துல?"

எழுதினவன் பிரெஞ்சுக்காரன், அவனை வெளியே அனுப்பியதைத்தானே நாம் கொண்டாடுகிறோம் என்றேன்.

"ஆளைத்தான் அனுப்பினோம். ஆவணத்தை அனுப்பல. ஆவணம் என்னா சொல்லுதோ அதான் சரித்திரம். கையெழுத்தும் முத்திரையும் உள்ள காயிதத்தை இன்னொரு கையெழுத்தும் முத்திரையும் உள்ள காயிதம்தான் மாத்தும். மீன்காரம்மா வாய்வார்த்தை மாத்தாது."

அன்று சாயங்காலத்துக்குள் நாடகம் உருமாறிவிட்டது. காசியம்மா கூடையோடு வருகிறார். நல்ல சிப்பாய் நல்லபடியாகக் கூடையை இறக்கச் சொல்கிறான். சுகாதார ஆய்வாளர் ஒருவர் வருகிறார். மீனைச் சோதித்து, இது அழுகிய மீன் என்று அறிவிக்கிறார். காசியம்மா தவறை உணர்ந்து, 'ஐயா, மீன் கெட்டுப்போச்சு, மன்னிச்சிடுங்க' என்று கும்பிடுகிறார். ஆய்வாளர் சுகாதாரம் பற்றி அறிவுரை சொல்கிறார். வாழ்க, வாழ்க. திரை. இதில் விடுதலை எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, நோயிலிருந்து விடுதலை என்று பதில் வந்தது. பெயரையாவது மாற்றிவிடுகிறேன் என்று மன்றாடினேன். பதிவேட்டில் காசியம்மா என்று இருக்கும்போது வேறு பெயர் போடுவது புனைவு என்றார்.

'இயக்குநர் சம்மதம்' என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். எழுந்து வந்திருக்கலாம். வேலை போயிருக்காது, அதிகம் போனால் ஆந்திரக் கரையில் இருக்கும் ஏனாமுக்கு மாற்றியிருப்பார்கள். ஏனாம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டுகிறவன் நான், எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். பயந்துதான் போட்டேன். நெரவி வரைக்கும் சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே போனேன். அன்றைக்கு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கனகத்திடம் புதிய வசனத்தைக் கொடுத்தேன். படித்தாள். "எங்கம்மா மாதிரி வேசம் போட்டுக்கிட்டு நானே இதச் சொல்லணுமா சார்?" என்றாள். வேறு பெண்ணைப் போடுகிறேன், நீ விலகிக்கொள் என்றேன். "வேணாம் சார், நானே நடிக்கிறேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு காசியம்மா பள்ளி வழியாக வரும்போதெல்லாம் சாலையின் அந்த ஓரமாகப் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஒத்திகையில் அடுத்த சிக்கல், மீன். நிஜ மீனை மேடைக்குக் கொண்டுவரக்கூடாது. முன்வரிசையில் பெரியோர் இருப்பார்கள், தவிர மீன் அழுகும் பொருள், அதை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற முடியாது. ஓவிய ஆசிரியர் அட்டையில் இரண்டு கொடுவா வெட்டி வெள்ளி வர்ணம் அடித்தார். அழகாகவே இருந்தன. விழா அலுவலகத்திலிருந்து மூவர் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மீன் அழுகியிருப்பது தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். பச்சை வர்ணம் பூசினோம். போதவில்லை. கண்ணைப் பிதுங்க வைத்தோம். போதவில்லை. கடைசியில் மேலே ஒன்பது ஈ வரைந்த பிறகு, 'திருப்திகரமாக அழுகியுள்ளது' என்று சான்று வந்தது. அதைச் சுப்ராயன் பத்திரமாகக் கோப்பில் சேர்த்தார். எங்கள் பள்ளிக்கு அந்த வருடம் வந்த ஒரே பாராட்டு அதுதான்.

அதற்குப் பிறகு வந்தது பெரிய சிக்கல். சுகாதார ஆய்வாளர் வேடத்துக்கு ஒரு பையனைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத் தர்மராஜ் என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அரசு அலுவலர் அல்லாதவன் அரசு அலுவலராகக் காட்டிக்கொள்வது ஆள்மாறாட்டம். அரசு விழாவிலேயே, அரசு அனுமதியோடு, பதினைந்து வயதுப் பையன் ஆள்மாறாட்டம் செய்வதா? அப்படியானால் சிப்பாய் வேடம் போடும் மன்சூர் அலி மட்டும் என்ன என்று கேட்டேன். அது அந்நிய அரசாங்கம், அவர்கள் வழக்குப் போட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆகவே ஆய்வாளராக நிஜ அலுவலர் ஒருவரே நடிக்க வேண்டும். யார் என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்களாம், ஒருவரும் விடுப்பு எடுக்கவில்லையாம், அதனால் யார் தலையிலும் கட்ட முடியவில்லை. முடிவில் தர்மராஜே அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்ட மறுநாளிலிருந்து ஆய்வாளர் வசனம் வளர ஆரம்பித்தது. இரண்டு வரி அரைப் பக்கமாகி, அரைப் பக்கம் நான்கு பக்கமாகியது. ஒத்திகைக்கு ஒரே ஒருநாள் வந்தார். பியூன் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடிக்க, அதைப் படித்தார். மீனைத் தொடவில்லை, நேரம் இல்லை என்று போய்விட்டார்.

நவம்பர் முதல் தேதி பிற்பகலிலேயே தூறல். பந்தலில் அங்கங்கே ஒழுகியது. பிரெஞ்சு விருந்தினர் வரவில்லை. ஊர் ஜனம் வந்திருந்தது. பின்பக்கம் மண்டபத்தூர்ப் பெண்கள் கூடையும் கையுமாக மார்க்கெட்டிலிருந்து நேரே வந்து நின்றார்கள். அவர்களில் காசியம்மாவும் இருந்தார். மகள் வாயாலேயே அம்மாவின் மீன் அழுகியது என்று ஊருக்குச் சொல்லப்போகிறோம், அதற்கு இயக்கம் உத்திராபதி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது.

வரவேற்புரை, முன்னுரை, சிறப்புரை என்று இரண்டு மணி நேரம் போனது. தர்மராஜ் பேசியதில் ஒரு பகுதி மட்டும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"அன்னைக்கு நாம ஒரு கூட்டம் போடணும்னாலும், ஒரு காகிதம் அச்சடிக்கணும்னாலும் வெள்ளைக்காரன்கிட்ட போய் நின்னோம். அவன் முடியாதுன்னான். இன்னைக்கு அந்த அவமானம் இல்ல. இன்னைக்கு நம்ம ஆளுங்ககிட்டயே போய் நிக்கிறோம், நம்ம பாஷையிலேயே முடியாதுன்னு சொல்றோம். இதுதான் விடுதலை."

பலத்த கைதட்டல். முன்வரிசையில்தான்.

நாற்பது நிமிட நாடகத்துக்குப் பதினோரு நிமிடம் மிச்சம் இருந்தது. அதில் ஏழு நிமிடம் ஆய்வாளருடையது. திரை விலகியது. மன்சூர் அலி தொப்பியோடு நின்றான். கனகம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடையேறினாள். கூடை மேல் ஈரத்துணி மூடியிருந்தது. ஈரத்துணி எதற்கு என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். பக்கத்துப் பெஞ்சில் ஒன்பது ஈயோடு இரண்டு அட்டை மீனும் கிடந்தன.

ஓடிப்போய் இழுக்கவும் முடியாது, சத்தம் போடவும் முடியாது. பெஞ்சில் அட்டை மீன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மன்சூர் அலி விறைப்பாகச் சல்யூட் அடித்து, "போன்ழூர் மதாம்," என்றான். பந்தலே சிரித்தது. கனகம் கூடையை இறக்கினாள். தர்மராஜ் வந்தார். விழாவுக்குப் போட்டிருந்த அதே சட்டை, அதே மாலை. சுகாதாரம், சுத்தம், அரசின் அக்கறை என்று நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் சொன்னார். கடைசியாக, "இந்த மீன்..." என்று சொல்லிக்கொண்டே, சபையைப் பார்த்தபடி, துணிக்கு அடியில் கையை விட்டுத் தூக்கினார்.

நாலு கிலோ இருக்கும். கொடுவா. அன்று சாயங்காலம் அரசலாற்று முகத்துவாரத்தில் பிடித்தது. விளக்கு வெளிச்சத்தில் செதில் பளபளத்தது.

இந்த இடத்தில் கனகம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கிட்டே வந்து, விரலால் செவுளை விரித்துப் பிடித்து, நிதானமாக, "செவுளப் பாத்துச் சொல்லுங்க ஐயா," என்றாள்.

போலகத்தில் பிறந்து மீன் தின்று வளர்ந்த எந்த மனிதரிடமும் செவுளை விரித்துக் காட்டினால் அவர் என்ன செய்வாரோ அதைத்தான் தர்மராஜும் செய்தார். குனிந்து பார்த்தார். ரத்தச் சிவப்பு. கட்டைவிரலால் வயிற்றை அழுத்தினார். அழுத்திய இடம் குழியாமல் எழும்பி வந்தது. மூக்குக்கு நேரே வைத்து மோந்தார். மைக் அவர் மாலைக்கு நேரே இருந்தது.

"அட, இப்பப் புடிச்ச மீனுல்ல இது. நல்ல மீனு. எங்க வாங்குன?" என்றார்.

பின்பக்கத்திலிருந்து மண்டபத்தூர்ப் பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். ஜனம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாத மன்சூர் அலி இன்னொரு சல்யூட் அடித்தான். கைதட்டல் தன் நடிப்புக்கு என்று தர்மராஜ் நினைத்துக்கொண்டார். மீனைக் கையில் பிடித்தபடியே மூன்று பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். நான் திரையை இழுத்துவிட்டேன். நாடகத்தில் நான் செய்த ஒரே இயக்கம் அதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மழைத்தண்ணீர் என்று சுப்ராயனிடம் சொன்னேன்.

மேடைக்குப் பின்னால் தர்மராஜ், அந்த மீன் நிகழ்ச்சிக்கு உட்பட்ட பொருளாகிவிட்டதால் அலுவலகப் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்றார். சுற்றுவதற்குக் காகிதம் தேடினார்கள். நாடகத்தின் ஐந்தாவது பிரதி கிடைத்தது. அதில் சுற்றி, பியூன் அவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

நிகழ்ச்சி அறிக்கை எழுதுவதும் இயக்குநர் வேலையாம். எழுதினேன். என் ஆயுளில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. 'விழாத் தனி அலுவலர் அவர்கள், மண்டபத்தூர் காசியம்மா என்பவரின் மீனை, செவுள், வயிறு, வாடை ஆகிய மூன்று வகையிலும் முறையாகப் பரிசோதித்து, அது நல்ல மீன் என்று பொதுமக்கள் முன்னிலையில் அறிவித்தார்கள்.' ஐந்து பிரதி. கார்பனை அழுத்திப் பிடித்து எழுதினேன். தர்மராஜ் தன் பெயரும் பதவியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். 'முறையாக' என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஐந்திலும் கையெழுத்துப் போட்டார், ஐந்திலும் முத்திரை குத்தினார். நான்கு பிரதிகள் நான்கு கோப்புகளுக்குப் போயின. ஐந்தாவது பள்ளிக்கு என்றார்கள். அழுகும் பொருளை அனுமதியின்றி மேடையேற்றியது ஏன் என்று கேட்டு எனக்கு ஒரு மெமோவும் தந்தார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் காலை காசியம்மா சாலையின் இந்த ஓரமாக வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். இதே போல நான்கு பிரதி அரசாங்கக் கோப்புகளில் இருக்கிறது என்று சொல்லி, அறிக்கையைக் கொடுத்தேன். எழுத்து மங்கல்தான், முத்திரை மட்டும் கருகருவென்று இருந்தது. அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஆறு நாளு உள்ள இருந்தேனே, அது இருக்கா சார்?"

இல்லை என்றேன். நோட்டீஸ் கொண்டுவந்ததும் இல்லை என்று நானாகவே சொல்லிவிட்டேன். அதை மறைக்க மனம் வரவில்லை.

"அது கெடக்கட்டும். அன்னைக்கு அந்த மீனு என்னா ஆச்சு?"

தர்மராஜ் சார் வீட்டுக்குப் போய்விட்டது என்றேன்.

காசியம்மா சிரித்தார். நான் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "கொழம்பு வச்சிருப்பாங்க. அப்ப சந்தேகமே இல்ல சார், நல்ல மீனுதான்," என்றார்.

அறிக்கையை நான்காக மடித்தார். பழைய பழக்கமோ என்னவோ, கூடையில் ஓலையைத் தூக்கி, மீனுக்கு அடியில் வைத்தார். எனக்குப் பதறிவிட்டது. அங்கே வைத்தால் நனைந்து கூழாகிவிடும், மேலே எடுங்கள் என்றேன்.

"நனஞ்சா நனையட்டும் சார். இந்தத் தடவ நாலு அவங்ககிட்டயே இருக்குல்ல," என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன்.